மண்டபத்தில் விளையாட்டுப் பொருள் கடை: முதலில் யாரைப் பார்ப்பது?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் விளையாட்டுப் பொருள் கடை தொடங்க விலைப்பட்டியல் கேட்டு நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திக்கு, மீரட், ஜலந்தர் (விளையாட்டுப் பொருள்கள் தயாராகும் வட இந்திய நகரங்கள்) உற்பத்தியாளர்கள் பதில் தரவில்லை என்கிறீர்கள். அவர்களைச் சிறிது காலம் விட்டுவிட்டு, மண்டபம் முதல் உச்சிப்புளி வரையுள்ள பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களையும் ஊர் வாலிபால் அணிகளின் தலைவர்களையும் முதலில் நேரில் சந்தியுங்கள்.

எந்தப் பொருள், எத்தனை என்று குறிப்பிடாமல் விலைப்பட்டியல் மட்டும் கேட்டதே அவர்கள் பதில் தராததற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஜிஎஸ்டி எண்ணும் இல்லையென்றால், மொத்த வியாபாரிகள் அதை வெறும் விசாரிப்பாகவே கொள்வார்கள்.

ஒரு மாலை ஆட்டம் முடிந்து வலையைச் சுருட்டும் நேரத்தில் போய், பந்தை எங்கே வாங்கினார்கள், எத்தனை மாதம் உழைத்தது, வலையின் மேல்கம்பி எப்போது துருப்பிடித்தது (உப்புக்காற்றில் கம்பிதான் முதலில் போகும்) என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பிலிருந்து எந்தப் பொருள், எத்தனை என்று கணக்கிட்டு, அந்த விவரத்தோடு ஒரே ஒரு உற்பத்தியாளருக்கு மீண்டும் எழுதிப் பாருங்கள். பதிலின் தொனி மாறுகிறதா என்பது தெரிந்துவிடும்.

ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு இளைஞர்களுக்கு விளையாட நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது. அப்போது வாய்மொழியாகக் கிடைக்கும் ஆர்டர்களை நம்பிச் சரக்கு இறக்க வேண்டாம். ஆசிரியரின் பரிந்துரையும் பள்ளியின் கொள்முதல் ஆணை ஆகாது.