மஞ்சக்குப்பத்தில் இறங்குங்கள்

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்திலிருந்து புதுச்சேரிக்கு வருஷத்துக்கு இரண்டு முறையாவது போய்வருகிறோம். வழியில் பஸ் கடலூரில் பத்து நிமிஷம் நிற்கும். டீ குடிப்போம், ஏறிவிடுவோம். இந்த முறை புதுச்சேரியில் சனி, ஞாயிறுக்கான அறை வாடகையைக் கேட்டதும் தலை சுற்றிவிட்டது. கடலூரிலேயே ஒரு ராத்திரி தங்கினால் என்ன என்றேன். "அங்க என்ன இருக்கு, பஸ் ஸ்டாண்டுதான் இருக்கு" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, முட்டிவலி. பையன் ஆறாம் வகுப்பு. சனி மதியம் வந்து ஞாயிறு மாலை கிளம்புவதாக இருந்தால் பார்க்க ஏதாவது உண்டா?

ர., கும்பகோணம்

அன்புள்ள ர.,

உங்கள் வீட்டில் சொன்னதில் தப்பில்லை. பஸ் ஸ்டாண்டை மட்டும் பார்த்தவர்களுக்குக் கடலூர் என்பது பஸ் ஸ்டாண்டுதான். அது இருக்கும் இடத்தின் பெயர் திருப்பாதிரிப்புலியூர், ஊர்க்காரர்கள் வாயில் திருப்பாப்புலியூர். கடலூர் ஒரே ஊர் இல்லை. தெற்கே உப்பனாற்றங்கரையில் துறைமுகத்தோடு முதுநகர். பஸ்ஸில் 'ஓ.டி.' (ஓல்டு டவுன்) என்று கூவுவது இதைத்தான். நடுவில் கோயிலும் கடைத்தெருவுமாகத் திருப்பாப்புலியூர். கெடிலம் ஆற்றின் பாலம் தாண்டினால் கலெக்டர் ஆபீஸ், கோர்ட், பெரிய மைதானம் என்று மஞ்சக்குப்பம். அங்கிருந்து கிழக்கே போனால் கடலும் தேவனாம்பட்டினமும். வடக்கே பெண்ணையாறு, அதற்கப்பால் கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி எல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. நேரம் தப்பினால் உங்கள் வீட்டார் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.

தங்குவதற்கு மஞ்சக்குப்பம் பக்கம் அறை பாருங்கள். கடலுக்கு மூன்று கிலோமீட்டருக்குள்தான், விடியற்காலையில் ஆட்டோ கிடைப்பதும் சுலபம். ரயிலில் வருவதானால் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்குங்கள், அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்விடலாம். 'கடலூர் துறைமுகம் சந்திப்பு' என்று இன்னொரு ஸ்டேஷன் முதுநகரில் இருக்கிறது. சில வண்டிகள் ஒன்றில் நின்று மற்றதில் நிற்காமல் போகும் என்பதால் டிக்கெட் எடுக்கும்போதே பெயரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியே புதுச்சேரிக்கும் ரயிலில் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். நேர்ப் பாதை கிடையாது, விழுப்புரம் சுற்றித்தான் போக வேண்டும். பஸ்ஸில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்.

சனி மதியம் வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். கேலியாகச் சொல்லவில்லை. பன்னிரண்டரையிலிருந்து நாலு வரை கோயில்கள் சாத்தியிருக்கும், கடற்கரை மணல் கால் வைக்க முடியாமல் கொதிக்கும், கடைத்தெருவே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும். ஊரே ஓய்வெடுக்கிறபோது நீங்கள் மட்டும் அலைவானேன்?

நாலரைக்குப் பாடலீஸ்வரர் கோயில். பாதிரி மரம் தலமரமாக இருப்பதால் பாதிரி, புலிக்கால் முனிவர் வழிபட்டதால் புலியூர். மகேந்திர பல்லவன் காலத்தில் அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட, அந்தக் கல்லே தெப்பமாகி அவரைக் கரைசேர்த்தது என்பது பெரியபுராணக் கதை. கரையேறியதும் நேராக வந்து அவர் பாடிய தலம் இதுதான். அந்தப் பதிகத்தில் 'தோன்றாத் துணை' என்று வருகிறது, சுவாமிக்கும் அந்தப் பெயர் உண்டு. கரையேறிய இடத்துக்கு இன்றும் கரையேறவிட்ட குப்பம் என்றே பெயர். வண்டிப்பாளையம் பக்கம் ஊருக்குள் இருக்கிறது. கடலைத் தேடிக்கொண்டு அங்கே போனால் ஏமாந்துபோவீர்கள். அப்பாவுக்கு இந்தக் கோயிலில் சிரமம் இருக்காது, தளம் சமம்தான். பையனிடம் கல் மிதந்த கதையைக் கோயிலுக்குள் போகுமுன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவனுக்கு இதுவும் இன்னொரு கோயில், அவ்வளவுதான்.

ஞாயிறுதான் முக்கியம். விடியுமுன் எழுந்தாக வேண்டும். ஜனவரியில் சூரியன் ஆறரைக்குக் கிளம்பும், மே கடைசியில் ஐந்தே முக்காலுக்கே வந்துவிடும். அதற்குக் கால் மணி முன்னதாகத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் இருங்கள். சில்வர் பீச் என்று போர்டில் இருக்கும். சாயங்காலம் கூட்டமும் பஜ்ஜிக் கடையும் இருக்கும், காலையில் நடப்பவர்களும் வலை பிரிப்பவர்களும்தான். குளிப்பதாக இருந்தால் ஒன்று. இந்தக் கடல் பார்க்கச் சாதுவாகத் தெரியும். அலை திரும்பும்போது காலடி மணலை உருவிக்கொண்டு போகும், இரண்டடி தள்ளித் திடீரென்று ஆழம் வரும். பையன் கணுக்கால் அளவோடு நிற்கட்டும். முகத்துவாரத்தின் பக்கம் இறங்கவே கூடாது, ஆற்று நீரும் கடல் நீரும் மோதுகிற இடத்தில் இழுப்பு அதிகம்.

பக்கத்தில்தான் புனித டேவிட் கோட்டை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், மிச்சம் இருப்பது சில இடிந்த சுவர்கள். 1690இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் இதை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழுகிற தூரம் வரை அவர்களுக்கு என்று ஒப்பந்தம். நாலு திசையிலும் சுட்டு எல்லை போட்டார்கள். நிலம் அளக்கச் சங்கிலி தேவைப்படாத ஒரே பத்திரம் இதுவாகத்தான் இருக்கும்! எல்லைக்குள் வந்தவை குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி என்றே ஒரு ஊர் இருக்கிறது, குண்டு சாலை இருக்கிறது. பையனை போர்டு தேடச் சொல்லுங்கள், இடிந்த சுவரைக் காட்டுவதைவிட அது அவனுக்குப் பிடிக்கும். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டதும் ஆங்கிலேயரின் தலைமையிடம் இங்கே வந்தது, 1752 வரை இங்கேதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். அதனால்தான் சென்னையில் கோட்டை நிற்கிறது, இங்கே பெயர் மட்டும் நிற்கிறது.

கடற்கரையிலிருந்து நேரே முதுநகர் மீன்பிடித் துறைமுகம். ஆறரையிலிருந்து எட்டு வரைதான் அதற்கு உயிர். படகிலிருந்து கூடை இறங்கும், தரையில் கொட்டிக் குவியல் குவியலாக ஏலம் போடுவார்கள். ஏலத்தில் நீங்கள் நுழைய வேண்டாம், அது வியாபாரிகளுக்கானது. ஏலம் எடுத்த பெண்கள் ஓரமாக உட்கார்ந்து கூறு கட்டி விற்பார்கள், அங்கே வாங்கலாம். செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் உப்பி நிற்க வேண்டும், குழி விழுந்திருந்தால் ஐஸில் கிடந்த மீன். விரலால் அமுக்கினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். சங்கராவில் இன்னொரு அடையாளம், நாளாக ஆக அந்தச் சிவப்பு வெளுத்துக்கொண்டே வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது. அப்போது ஃபைபர் படகுகள் கரையோரம் பிடிப்பதுதான். அளவு சின்னது, விலை கூடுதல், ஆனால் அன்றைய மீன். அந்த நாளில் பெரிய வஞ்சிரம் நீட்டினால் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கும்பகோணம் வரை கொண்டுபோவதானால் அங்கேயே சுத்தம் செய்யச் சொல்லி, ஐஸ் போட்ட டப்பாவில் வையுங்கள். முழு மீனைக் கட்டிக்கொண்டு போனால் குடல்தான் முதலில் கெடும். தரை ஈரமும் செதிலுமாக வழுக்கும், அப்பா ஆட்டோவிலேயே இருக்கட்டும்.

ஒன்பது மணிக்குத் திருவந்திபுரம். ஊரிலிருந்து மேற்கே ஆறு கிலோமீட்டர், டவுன் பஸ் உண்டு. தேவநாதப் பெருமாள், நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்று. கெடிலம் இங்கே வடக்கு நோக்கித் திரும்புவதால் ஆற்றுக்குத் தனி மதிப்பு. திருப்பதி போக முடியாதவர்கள் இங்கே மொட்டை போடுவது வழக்கம். எதிரே ஔஷதகிரி என்ற சிறு குன்று, மேலே ஹயக்ரீவர். வேதாந்த தேசிகர் பல வருஷம் இருந்த ஊர். குன்றுக்கு எழுபத்துச் சொச்சம் படிகள்தான், பையன் ஓடியே ஏறிவிடுவான். அப்பா கீழே பெருமாள் சன்னதியோடு நிறுத்திக்கொள்ளலாம். போகுமுன் பஞ்சாங்கம் பாருங்கள். முகூர்த்த நாள் என்றால், அதுவும் ஞாயிற்றுக்கிழமையோடு சேர்ந்தது என்றால், கல்யாணக் கூட்டத்தில் சாலையே அடைபட்டுவிடும். புரட்டாசிச் சனியும் அப்படித்தான்.

மாதம் தேர்ந்தெடுக்கலாம் என்றால் தை. ஐந்தாம் நாள், அதாவது ஜனவரி 18 அல்லது 19, பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. சுற்று ஊர்களிலிருந்தெல்லாம் சுவாமிகள் ஆற்றுக்கு வருவார்கள், ஆற்று மணலே கடைத்தெருவாகிவிடும். சுருளிக்கிழங்கு என்று ஒன்றைக் குவித்துவைத்து விற்பார்கள். இந்தத் திருவிழாவை விட்டால் கண்ணில் படுவது அபூர்வம். மண் போகக் கழுவி, உப்புப் போட்டு வேகவைத்து, தோலை உரித்துச் சாப்பிட வேண்டும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரி. அழகுதான், ஆனால் முட்டிவலிக்காரரை அந்தக் கூட்டத்தில் கூட்டிப்போக வேண்டாம். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வரவே வேண்டாம். புயல் இந்தக் கரையைத் தெரிந்துவைத்திருக்கிறது, 2011 டிசம்பர் 30 தானே புயலை ஊர் இன்னும் மறக்கவில்லை. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன.

முந்திரி என்றதும் ஞாபகம் வருகிறது. பண்ருட்டிப் பருப்பு வாங்குவீர்கள். 240, 320 என்று எண் சொல்வார்கள், ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு என்பதுதான் அந்தக் கணக்கு. எண் சின்னதானால் பருப்பு பெரிது. பாயசத்துக்கு உடைசலே போதும், முழுப்பருப்புக்குக் காசு கொடுத்து வீட்டில் உடைப்பதில் அர்த்தமில்லை. ஒன்றைக் கடித்துப் பாருங்கள். சடக்கென்று உடையாமல் வளைந்தால் ஈரம் ஏறியது.

உங்கள் வீட்டாரிடம் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் 1934இல் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்துவிட்டு 1918 நவம்பரில் வெளியே வந்த பாரதியைப் பிடித்து வைத்ததும் இந்தக் கடலூர்ச் சிறையில்தான்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுப் புதுச்சேரியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றினால் தாராளமாகப் போய்வாருங்கள். திரும்பும்போது யாருக்காவது 'வாங்கிவா' என்று சொல்லிவிட்ட பாட்டில் பையில் இருக்கக் கூடாது. ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்திப் பையைப் பார்ப்பார்கள்.