பாலாற்றங்கரை போர்வெல் தண்ணீரில் குரோமியம்: மறுபடியும் இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: ஆம்பூர் பக்கம் பாலாற்றை ஒட்டி எங்கள் அம்மா பெயரில் நிலம் இருக்கிறது. தென்னையும் கொஞ்சம் நெல்லும். பழைய கிணறு அப்பா காலத்திலேயே டேனரி (தோல் பதனிடும் ஆலை) கழிவால் கெட்டுப்போனது. அதற்காக அப்பா அப்போது இழப்பீடும் வாங்கினார். பிறகு தள்ளி ஒரு போர் போட்டு, நல்ல தண்ணீரில்தான் பயிர் செய்துவந்தோம். 2023 கோடையிலிருந்து அந்தத் தண்ணீரும் மஞ்சளாக, நுரையோடு வருகிறது. தனியார் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் குடிநீர் வரம்பைத் தாண்டிக் குரோமியம் இருக்கிறது. மனு கொடுத்ததற்கு, "ஆய்வு செய்யப்பட்டது, அளவுகள் வரம்புக்குள் உள்ளன" என்று ஒற்றை வரியில் பதில். மேல்பக்கம் பல டேனரிகள் இருப்பதால் யார் விடுகிறார்கள் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அப்பா ஏற்கெனவே பணம் வாங்கிவிட்டதால் இனி கேட்க முடியாது என்கிறார்கள். முன்சீப் கோர்ட்டில் வழக்கு போடலாமா?

பதில்: முதலில், அந்தத் தண்ணீரைக் குடிப்பதையும் சமையலுக்கு எடுப்பதையும் நிறுத்துங்கள். கொதிக்க வைத்தால் குரோமியம் போகாது.

முன்சீப் கோர்ட் வேண்டாம். சுற்றுச்சூழல் பாதிப்புக்கான இழப்பீட்டை 2010-ம் ஆண்டின் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் தீர்ப்பாயத்திடம் கொடுத்துவிட்டது. அதை சிவில் கோர்ட் விசாரிக்க 29-வது பிரிவு தடை போடுகிறது. நீங்கள் போக வேண்டிய இடம் சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வு. மனு 15-வது பிரிவின் கீழ். அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் எதற்கெல்லாம் இழப்பீடு கேட்கலாம் என்ற பட்டியல் இருக்கிறது. பயிர், மரம், கறவை மாடு, மண், தண்ணீர், மருத்துவச் செலவு எல்லாம் அதில் அடங்கும்.

உங்கள் வழக்கின் உயிர் தேதியில் இருக்கிறது. 15-வது பிரிவில் மனு போட ஐந்து ஆண்டு அவகாசம். வழக்குக்கான காரணம் "முதன்முதலில்" எழுந்த நாளிலிருந்து அந்த ஐந்து ஆண்டு ஓடும். போதிய காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் தருவார்கள், அவ்வளவுதான். (கழிவு விடுவதை நிறுத்த உத்தரவு கேட்கும் 14-வது பிரிவில் ஆறு மாதமும் 60 நாளும்தான்.) நம் ஆட்கள் மனு எழுதும்போது உணர்ச்சிவசப்பட்டு, "முப்பது வருடமாக எங்கள் தண்ணீர் நஞ்சாகிக் கிடக்கிறது" என்று ஆரம்பிப்பார்கள். எதிர்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வரி போதும். அப்படியென்றால் காரணம் முப்பது வருடத்துக்கு முன்பே எழுந்துவிட்டதே, கெடு முடிந்தது என்பார். உங்கள் கதை வேறு. பழைய கிணறு ஒன்று, புதிய போர் இன்னொன்று. இந்தப் போர் 2023 கோடை வரை நன்றாக இருந்தது, அதற்குப் பிறகு கெட்டது. உள்ளதை உள்ளபடி, இந்த வரிசையிலேயே எழுதுங்கள். போர் போட்ட ரசீது, மின் இணைப்பு, 2023-க்கு முந்தைய சாகுபடியைக் காட்டும் அடங்கல், பழைய தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டு ஏதாவது இருந்தால் அது என எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 கோடை என்றால் கெடு 2028 கோடையில் முடிகிறது. அதுவரை உட்கார்ந்திருக்கலாம் என்று அர்த்தமில்லை.

அப்பா வாங்கிய பணத்தை மறைக்க வேண்டாம், மனுவிலேயே சொல்லிவிடுங்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் தொடர்ச்சியாகத்தான் ஓர் ஆணையம் அமைந்து இழப்பீடுகளை நிர்ணயித்தது. அப்பாவின் தொகை அதில் வந்ததா என்று பழைய காகிதங்களில் பாருங்கள். அது பழைய பாதிப்புக்கு. இதே பாலாற்றுப் பிரச்சினையில் 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு உங்களுக்கு இன்னும் பயன்படும். கெட்டது சரியாகும் வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தொடரும் என்கிறது அது. அரசு முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பதும் அதில் உண்டு. ஒருமுறை வாங்கியவர் வாய் திறக்கக் கூடாது என்பது ஊர்ப்பேச்சு, சட்டம் இல்லை.

எந்த டேனரி என்று தெரியாதது பெரிய தடை இல்லை. பலருடைய செயல்கள் சேர்ந்து ஒரு பாதிப்பு உண்டாகி, இன்னார்தான் என்று பிரிக்க முடியாவிட்டால், பொறுப்பை நியாயமாகப் பங்கிட 17-வது பிரிவு தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. மேல்பக்க ஆலைகள், பொதுச் சுத்திகரிப்பு நிலையம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாவட்ட ஆட்சியர் எல்லோரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கலாம்.

அப்புறம் அந்த "வரம்புக்குள்" பதில். எந்த வரம்பு? குடிநீருக்கான இந்தியத் தரத்தில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான். ஆலை வெளியே விடும் கழிவுநீருக்கு அனுமதி 2 மில்லிகிராம், அதாவது 40 மடங்கு. ஆலையின் வாசலில் அளந்து வரம்புக்குள் என்றால் உங்கள் போரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. எந்தத் தேதியில், எந்த இடத்தில் மாதிரி எடுத்தார்கள், அறிக்கை எங்கே என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய், 30 நாள்.

உங்கள் ஆய்வக அறிக்கையை மட்டும் வைத்து ஆலைமீது குற்ற வழக்கு நடத்துவது கடினம். அதற்கு 1974 தண்ணீர்ச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி அதிகாரிகள் முறையாக எடுத்த மாதிரி வேண்டும். தீர்ப்பாயம் சாட்சியச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதால் அங்கே உங்கள் அறிக்கை எடுபடும். ஆனால் இன்னொரு முறை, என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தின் ஆளே வந்து மாதிரி எடுக்கும்படி செய்யுங்கள். மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம் (அதன் நச்சு அதிகமான வடிவம்), உப்பு, குளோரைடு எல்லாம் தனித்தனியாக வேண்டும். வெறும் உப்பு என்றால் நிலத்தடிப் பாறையின் குணம் என்று கைகழுவிவிடுவார்கள். குரோமியமும் உப்பும் சேர்ந்து ஏறியிருந்தால் அப்படிச் சொல்வது கஷ்டம். மண்ணையும் கொடுங்கள், குரோமியம் பெரும்பாலும் அங்கேதான் போய்த் தங்கும். உங்கள் முன்னிலையில் கூட்டுக் குழு வந்து மாதிரி எடுக்க உத்தரவிடும்படி மனுவிலேயே கேளுங்கள்.

மனு உங்கள் பெயரில் வேண்டாம். நிலம் அம்மாவுடையது, சேதமும் அவர் சொத்துக்குத்தான். கட்டணம் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது ஆயிரம் ரூபாய். வக்கீல் செலவு கஷ்டமாக இருந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அம்மாவே விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது.