காரில் சிரிப்பு வாயுக் குப்பி: ஒப்புக்கொண்டு அபராதம் கட்டலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் எஃப்-1 விசாவில் படிக்கும் என் மகனை (20 வயது), நண்பனின் காரில் க்ரீம் குப்பிகளும் (க்ரீமை நுரைக்க வைக்கச் சிரிப்பு வாயு அடைத்த சிறு குப்பிகள்) பலூன்களும் இருந்ததாகக் கைது செய்து, கோர்ட் தேதியிட்ட சீட்டில் கையெழுத்து வாங்கி விடுவித்தார்கள். கடையில் விற்கிற பொருள்தானே? "சின்ன வழக்கு, ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிடுங்கள்" என்கிறார் கல்வி ஆலோசகர்.

பதில்: கட்ட வேண்டாம். சீட்டில் போட்ட கையெழுத்து ஆஜராகிறேன் என்ற உறுதிதான், குற்ற ஒப்புதல் அல்ல. ஆனால் அந்தத் தேதியைத் தவறவிட்டால் வாரண்ட் வரும்.

குப்பி வைத்திருப்பது மட்டும் குற்றமில்லை. போதைக்காக முகரும் எண்ணத்தோடு நைட்ரஸ் ஆக்சைடு (சிரிப்பு வாயு) வைத்திருப்பதைத்தான் மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 381பி பிரிவு குற்றமாக்குகிறது. ஆறு மாதம் வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். அடுக்களையில் க்ரீம் புட்டியோடு இருக்கும் 8 கிராம் குப்பியை யாரும் கேட்க மாட்டார்கள். காரில் பலூனோடு இருந்தால், வாயுவை நிரப்பி முகர உதவும் அந்த பலூனே சாட்சி. மகன் இனி வக்கீலைத் தவிர யாரிடமும் இதைப் பேசக் கூடாது. போனில் உள்ள மெசேஜ்களை அழிக்கவும் கூடாது.

மருத்துவ விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டு, பல் டாக்டரிடம் சீட்டு வாங்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். உதவாது. உரிமம் பெற்றவர் சிகிச்சைக்காகத் தாமே வாயுவைக் கொடுக்கும்போது மட்டுமே அந்த விலக்கு. அது சிகிச்சை நாற்காலியோடு முடிந்துவிடும், காருக்கு வராது. பழைய தேதி போட்டு வாங்கிய சான்றிதழைக் காட்டினால் அது தனி வழக்கு, இதைவிடப் பெரியது.

இனி உங்கள் ஆலோசகர் விஷயம். இந்த வாயு மத்திய அரசின் போதைப்பொருள் பட்டியலில் இல்லை, அது நல்லதுதான். அதற்காக விசாவுக்கு ஆபத்தில்லை என்று இவரைப் போன்ற ஆலோசகர்கள் அடித்துச் சொல்வதை நம்பாதீர்கள். கைதை வைத்தே தூதரகம் விசாவை ரத்து செய்ய முடியும். "பிறகு தண்டனைச் சட்டத்தின் 1203.4 பிரிவில் மனு போட்டுத் தண்டனையை அழித்துவிடலாம்" என்பது அடுத்த பொய்: அப்படி அழித்த தண்டனையையும் குடிவரவுத் துறை தண்டனையாகவே எண்ணும்.

அதே சட்டத்தின் 1001.95 பிரிவின்கீழ் 'டைவர்ஷன்' கேட்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே நீதிபதி வழக்கை நிறுத்திவைப்பார். நிபந்தனைகளை முடித்தால் தள்ளுபடி. அரசு வக்கீல் எதிர்த்தாலும் நீதிபதி தரலாம். வசதியில்லையென்றால் இலவச வக்கீல் கேட்கலாம். விசா விளைவைச் சொல்வது குற்றவியல் வக்கீலின் கடமை என்று 2010-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவசரத்தில் அதை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் எழுத்தில் கேளுங்கள்.

இந்த வாயுவைப் பெரிய சிலிண்டரில் அடைத்து, பழ வாசனை சேர்த்து, 'சமையலுக்கு மட்டும்' என்று ஒட்டி, சிகரெட் கடையில் அடுக்கி வைக்கிறார்கள். லூசியானா 2024-ல் சில்லறை விற்பனைக்கே தடை போட்டது. நியூயார்க்கில் க்ரீம் குப்பி வாங்க 21 வயது வேண்டும், கலிஃபோர்னியா மாநிலச் சட்டப்படி 18 போதும். விற்றவனை விட்டுவிட்டு வாங்கிய பையனைப் பிடிக்கும் இந்த முறை எனக்குச் சகிக்கவில்லை.

வழக்கு முடியும்வரை மகன் இந்தியா வர வேண்டாம். விசா ரத்தாகியிருந்தால் திரும்பிப் போகப் புது விசா வேண்டும். வழக்கு தள்ளுபடியானாலும், டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் 'கைதானதுண்டா' என்ற இடத்தில் 'ஆம்' என்றே எழுதி, கோர்ட் உத்தரவின் சான்றளித்த நகலைக் கையில் வைத்திருக்க வேண்டும்.