பெயிண்ட் பூத் பதில்கள்

(கோவையில் 30 வருடமாக டிங்கரிங், பெயிண்டிங் ஷெட் நடத்துபவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார். இந்த இதழில் கஸ்டம் கார் ஷோக்கள், போட்டிகள் பற்றி.)

லாஸ் வேகாஸில் நடக்கும் செமா ஷோவை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். டிக்கெட் எங்கே வாங்குவது?
– கல்லூரி மாணவர், ஈரோடு

தம்பி, வாசலில் டிக்கெட் கிழித்து உள்ளே விடுகிற பொருட்காட்சி இல்லை அது. அடிப்படையில் செமா என்கிற கார் உதிரிபாகக்காரர்கள் சங்கம் நடத்தும் வியாபாரிகளின் சந்தை. ஷெட் வைத்திருக்கிறேன், உதிரிபாகம் விற்கிறேன் என்று ஆதாரம் காட்டிப் பதிவு செய்தால்தான் முழு ஷோவுக்கும் கழுத்தில் அட்டை மாட்டுவார்கள். சமீப வருடங்களில் கடைசி நாளான வெள்ளிக்கிழமைக்கு மட்டும் பொதுமக்களுக்கும் டிக்கெட் விற்கிறார்கள், அதை ஷோவின் இணையதளத்தில் பாருங்கள். உதிரிபாகம் செய்கிற கோவை நண்பர் ஒருவருக்குத் துணையாக நானும் ஒரு நவம்பரில் நான்கு நாள் அங்கே நின்றேன். நீங்கள் படத்தில் பார்க்கிற பளபளப்பான கார்களில் பெரும்பாலானவை கூட்டத்தை ஸ்டாலுக்கு இழுக்க நிறுத்தப்பட்டவை. காருக்குப் பின்னால் ஒரு சின்ன மேசை இருக்கும். அங்கே ஒருவர் பிராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெர்னியர் வைத்து அளந்து, "ஆயிரம் கேட்டாலும் இதே அளவில் வருமா?" என்பார். அந்தக் கேள்விக்காகத்தான் அத்தனை விளக்கும்.

செமாவை ஆரம்பித்தவர்களும் நம் கணபதி, பீளமேடு லேத் பட்டறைக்காரர்கள் மாதிரி ஆட்கள்தான். 1963-ல் சங்கம் சேர்ந்தபோது முதல் தலைவராக வந்த எட் இஸ்கெண்டெரியன் கேம் ஷாஃப்ட் (இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) கிரைண்டிங் செய்தவர். ஆர்மீனியாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை. 1967-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தின் கேலரிக்கு அடியில் முதல் ஷோ. 98 ஸ்டால், 5 கார், அவ்வளவுதான். லாஸ் வேகாஸுக்கு மாறியது 1977-ல். படிப்பு முடிந்து தொழிலுக்குள் வாருங்கள், அட்டை தானாகக் கிடைக்கும்.

டிங்கரிங் வேலைக்கு மிகக் கடுமையான போட்டி எது? நடுவர்கள் எதைப் பார்ப்பார்கள்?
– டிங்கரிங் தொழிலாளி, திருப்பூர்

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். என்னைக் கேட்டால் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடக்கும் ஆட்டோராமா கார் ஷோவில் கொடுக்கும் ரிட்லர் விருதைத்தான் சொல்வேன். அந்த ஷோவை வளர்த்த டான் ரிட்லர் பெயரில் 1964 முதல் கொடுக்கிறார்கள். முதல் வருடம் வாங்கியது ஆல் பெர்க்லர் என்பவரின் டிராக் ரேஸ் கார். இதில் ஒரு விதி உண்டு: கார் அதற்கு முன் வேறெந்த ஷோவிலும் வந்திருக்கக் கூடாது. வருடக்கணக்கில் ஷெட்டுக்குள் மூடி வைத்துச் செய்த காரை முதல்முதலாக அங்கேதான் திறக்க வேண்டும். முதலில் 8 கார்களைத் தேர்ந்தெடுப்பார்கள். 'கிரேட் 8' என்று பெயர். அதில் ஒன்றுக்குத்தான் விருது.

அதைவிட மூத்தது கலிபோர்னியாவின் கிராண்ட் நேஷனல் ரோட்ஸ்டர் ஷோ. ரோட்ஸ்டர் என்றால் நிலையான கூரை இல்லாத திறந்த கார். 1950-ல் ஓக்லண்டில் ஆரம்பித்தது, இப்போது பொமோனாவில் நடக்கிறது. 'அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர்' என்ற அதன் கோப்பை 9 அடி உயரம். 1937-க்குப் பிந்தைய மாடலுக்கு அதில் இடமில்லை. 'அலா கார்ட்' என்ற பழைய ஃபோர்டு பிக்கப் 1958, 1959 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் அதை ஜெயித்தது.

நடுவர் எதைப் பார்ப்பார் என்று கேட்டீர்கள். லாஸ் வேகாஸில் ஒரு பழைய கூப்பே காரின் அடியில் தரை முழுக்கக் கண்ணாடி பரப்பியிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். மேலே பானெட்டில் என் முகம் எப்படித் தெரிந்ததோ, கீழே ஃப்ளோர் பேனலிலும் அப்படியே தெரிந்தது. போல்ட் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தன. காரின் சொந்தக்காரர் மண்டியிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியால் ஒரு நட்டின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அங்கிருந்து நகர ஒரு மணி நேரம் ஆனது.

அடுத்து கதவு கேப், அதாவது கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி. மேலே 3 மில்லிமீட்டர் என்றால் வளைவிலும் 3, கீழே முடிகிற இடத்திலும் 3. தொழிற்சாலையிலிருந்து எந்தப் பழைய காரும் அப்படி வந்ததில்லை. கதவு ஓரத்தில் மெல்லிய கம்பியை வெல்டு வைத்து, அரம் போட்டு அரம் போட்டு அந்தக் கோட்டைக் கொண்டுவர வேண்டும். நம் ஆட்கள் தவறுகிற இடம் ஒன்று உண்டு. இரும்பாக இருக்கும்போதே 3 மில்லி வைத்துவிடுவார்கள். பிரைமர், கலர், கிளியர் (கலருக்கு மேல் அடிக்கிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) மூன்றும் இரண்டு ஓரத்திலும் ஏறினால் கேப் சுருங்கிவிடும், கதவு உரசும். பெயிண்டின் கனத்தையும் சேர்த்துத்தான் முதலில் இடம் விட வேண்டும்.

டோக்கியோவில் நடப்பதும் செமா மாதிரிதானா?
– வாசகி, சென்னை

இல்லைங்க, டோக்கியோ ஆட்டோ சலோன் என்கிற அந்த ஷோ பொதுமக்களுக்கும் திறந்த திருவிழா. ஜனவரியில் மூன்று நாள், சீபா நகரின் மாகுஹாரி மெஸ்ஸே அரங்கில் நடக்கும். 1983-ல் ஆரம்பித்தபோது அதற்கு 'டோக்கியோ எக்ஸைட்டிங் கார் ஷோ' என்று பெயர். அங்கே என் மனதுக்குப் பிடித்தது, ஆட்டோமொபைல் கல்லூரி மாணவர்கள் படிப்பின் பகுதியாகவே முழுக் காரைச் செய்து கொண்டுவந்து, பெரிய கம்பெனிகளின் ஸ்டாலோடு ஸ்டாலாக நிறுத்துவதுதான். நம் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு மேடை வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

என் மகன் ஷோவில் வைக்க வேண்டும் என்று காரின் உயரத்தைக் குறைத்து, சைலன்சரை மாற்றப் பார்க்கிறான். போலீஸ் பிடிக்குமா?
– ஒரு தாய், கோவை

பிடிக்கும் அம்மா. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: தயாரித்த கம்பெனி கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கலர் மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிந்துகொள்ளலாம். ஜப்பானில் 1995-ல் மாற்றங்களுக்கான விதிகளைத் தளர்த்தினார்கள். எதைச் செய்யலாம், எப்படிச் சோதிப்போம் என்று எழுதி வைத்தார்கள். இங்கும் அப்படி ஒரு வழி வந்தால் ஒளித்துச் செய்கிற மோசமான வேலை குறையும் என்பது என் உறுதியான எண்ணம். அதுவரை மகனைப் பெயிண்டிலும் சீட் தையலிலும் திறமையைக் காட்டச் சொல்லுங்கள்.

உள்ளூர் ஷோவுக்கு என் கஸ்டமர் காரைத் தயார் செய்கிறேன். இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. என்ன கவனிக்க வேண்டும்?
– பெயிண்டர், சேலம்

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு, ஞாயிறு ஷோ. வியாழன் ராத்திரி கிளியரைக் கனமாக அடித்தேன், சனிக்கிழமையே பாலிஷ் போட்டேன். அன்று பானெட் தண்ணீர் மாதிரி இருந்தது. மூன்று வாரம் கழித்து வண்டி திரும்பி வந்தது. கிளியருக்குள் மாட்டிக்கொண்ட தின்னர் மெதுவாக வெளியேற வெளியேற, பெயிண்ட் சுருங்கி, பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பசை) முடிகிற ஓரம் மேப் மாதிரி தெரிந்தது. 320 நம்பர் உப்புத்தாள் இழுத்த கோடுகள்கூடத் தெரிந்தன. கஸ்டமர் ஒன்றும் திட்டவில்லை, பானெட்டைத் தடவிக்கொண்டே நின்றார். என் செலவில் முழுதும் உரித்து மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

அதனால் இன்றே பட்டி வேலையை நிறுத்துங்கள். நாளைக்குள் கலர், கிளியர் முடியட்டும். மெல்லிய கோட்டாக அடியுங்கள், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் டப்பாவில் போட்டிருக்கிற நேரம் விடுங்கள். அப்புறம் ஐந்து நாள் வெயிலில் வண்டியை நிறுத்துங்கள், தொடாதீர்கள். ஆறாம் நாள் இருட்டிய பிறகு ஷெட் விளக்கையெல்லாம் அணைத்து, ஒரே ஒரு டியூப் லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து பாருங்கள். பெயிண்டில் தெரிகிற லைட்டின் பிம்பம் எங்கே நெளிகிறதோ அங்கே சாக்பீஸால் குறித்து, அதன் பிறகு பாலிஷ் மெஷினை எடுங்கள்.