நாடு விட்டு நாடு வந்தவர்களால் உங்கள் ஊரில் என்ன மாறியது?

நாடு விட்டு நாடு போவதால் சமூகத்தில் என்ன மாறுகிறது, பக்கத்தில் இருந்து பார்த்ததுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்தது அடுத்த வீட்டில்.

எங்கள் ஊர் கோயம்புத்தூர் பக்கம் காரமடை. அடுத்த வீட்டுப் பெரியம்மாவைத் தெருவே சிலோன்காரம்மா என்றுதான் சொல்லும். இலங்கையில் பதுளைப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே அவர் இந்தியாக்காரி. பூட்டன் சேலம் ஜில்லாவிலிருந்து போனவர் என்பதைத் தவிர இந்தியாவைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது.

பூட்டன் காலத்துக் கதையில் ஒரு செடிக்குப் பெரிய பங்கு உண்டு. சிலோனில் காபி இருந்தவரை நம் ஆட்கள் பருவத்துக்குப் போய்ப் பழம் பறித்துவிட்டுத் திரும்பினார்கள். 1869க்குப் பிறகு இலைத்துரு நோய் காபியை அழிக்க, தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் பூராவும் கொழுந்து கிள்ள ஆள் வேண்டும். அப்புறம் குடும்பத்தோடு லயத்திலேயே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலேயே, தங்கிவிட்டார்கள். 1948ல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ல் இரு நாட்டுப் பிரதமர்கள் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தது. அந்த மக்களைக் கலந்து பேசாமல் போட்ட கணக்கு அது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது.

பெரியம்மா தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கோத்தகிரித் தோட்டத்துக்கு வந்தார். இப்படி வந்தவர்களுக்காக 1968ல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னால் டேன்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. கூடலூர், பந்தலூர், குன்னூர், வால்பாறை என்று பல மலைகளில் அவர்கள் கை பட்ட தோட்டங்கள் இருக்கின்றன. அதற்காகக் காடு போனதும் உண்மைதான். ஆனால் அது அரசு எடுத்த முடிவு, அந்தப் பழியை இவர்கள் தலையில் போடுவது நியாயமில்லை. பிறகு பெரியப்பாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் வேலை கிடைத்து காரமடைக்கு இறங்கினார்கள். எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) கடைசிவரை ரொட்டிக்குத் தேங்காய் துருவிப் போட்டுத்தான் சுட்டார். அது பெரியம்மா கற்றுக்கொடுத்தது.

எல்லாம் நல்லபடியாக நடக்கவில்லை. அவர் மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, பூர்வீக ஊருக்கு ஆதாரம் கேட்டு இரண்டு வருஷம் அலையவிட்டார்கள். அவன் படிப்பு அதோடு நின்று மில்லுக்குப் போய்விட்டான். பெரியம்மாவின் தகரப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட் ஒன்று, இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கும். அதன் போட்டோவில் பெரியம்மாவின் இளம்வயது முகம், மடியில் குழந்தை. ஓரத்தில் மட்டும் மழைநீர் பட்டு மை பரவியிருக்கும்.

ஐ.நா. கணக்குப்படி 2024ல் பிறந்த நாட்டை விட்டு வெளியே வாழ்பவர்கள் சுமார் 30.4 கோடி. உலகத்தில் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. அதில் என் தங்கையும் ஒருத்தி, டெக்ஸாஸில். வேலை வழியாக வருஷத்துக்குக் கொடுக்கும் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்காரருக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பால், இந்தியர்களின் வரிசை ஆமை வேகத்தில்தான் நகர்கிறது.

போன முறை கைக்குழந்தையோடு வந்திருந்தாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் சம்பளம் எவ்வளவு, வீடு வாங்கியாச்சா என்று கேட்டார்கள். பெரியம்மா குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, "பாப்பாவுக்கு அந்த ஊர் பாஸ்போர்ட் குடுத்துட்டாங்களா கண்ணு?" என்றார்.

அங்கேயே பிறந்ததால் உடனே கிடைத்துவிட்டது என்றாள் தங்கை.

"தண்ணி படாம வை" என்றார்.