அடுக்களையில் அந்நியர் யார்?

கேள்வி: இந்தியாவிலிருந்து வந்து இங்கே பெரிய ஹோட்டல்களில் சமைப்பவர்கள், சட்டையில் ‘ஷெஃப்’ என்று பெயர் குத்திக்கொண்டு திரிகிறார்கள். சமையல்காரர் சமையல்காரர்தானே? நம் பிள்ளைகளுக்குப் போக வேண்டிய வேலையை இவர்களுக்கு ஏன் தூக்கிக் கொடுக்கிறார்கள்?
- வாசகர் ஒருவர், பட்டர்வொர்த், பினாங்கு, மலேசியா

பதில்: அந்தச் சட்டை சும்மா கிடைக்கவில்லை, ஐயா. கேட்டரிங் படித்துவிட்டு வருகிறவருக்கும் ஹோட்டலில் முதல் பதவி ‘கமி’ என்கிற கடைநிலை உதவியாள்தான். மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிக்க வேண்டும், இறாலுக்கு நரம்பு எடுக்க வேண்டும், பெரியவர்களிடம் திட்டு வாங்க வேண்டும். பிறகு டெமி, ஷெஃப் டி பார்ட்டி, சூ ஷெஃப் என்று ஒவ்வொரு படிக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. தந்தூரி அடுப்பில் நிற்பவரின் கையை ஒருமுறை பாருங்கள். நானை உள்சுவரில் அறைவதற்காக நாளெல்லாம் அனலுக்குள் விட்டு எடுத்து, முழங்கைவரை ரோமம் பொசுங்கியிருக்கும். நீங்கள் குடும்பத்தோடு தீபாவளி விருந்துக்கு அந்த ஹோட்டலுக்குப் போகும்போது, அவர் தன் வீட்டுத் தீபாவளியைக் கைப்பேசியில்தான் பார்க்கிறார், அதுவும் அடுப்பை அணைத்த பிறகு.

பினாங்குக்காரர் ‘வந்தவர்’ கணக்கு எடுப்பதுதான் எனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. ஜார்ஜ்டவுனில் 1885இல் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டலைத் தொடங்கிய சார்க்கீஸ் சகோதரர்கள் பாரசீகத்திலிருந்து வந்த ஆர்மீனியர்கள். வெள்ளைக்காரர் வீடுகளிலும் ஹோட்டல்களிலும் கரண்டி பிடித்தவர்கள் ஹைனான் தீவுச் சீனர்கள். மற்றத் தொழில்களையெல்லாம் முன்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டதால் அடுக்களைக்குள் நுழைந்தவர்கள் அவர்கள். நாசி கண்டார் என்னும் கறிச் சோற்றைத் தோளில் தண்டு போட்டுச் சுமந்து விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். இவர்களைக் கழித்துவிட்டால் உங்கள் தட்டில் என்ன மிஞ்சும்?

வேலைப் பேச்சுக்கு வருவோம். 2018இல் மனிதவள அமைச்சராக இருந்த குலசேகரன், அடுத்த ஜனவரி முதல் உணவகங்களில் உள்ளூர்ச் சமையல்காரர்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்றார். ஆள் எங்கே என்று உணவகக்காரர்கள் கூச்சல் போட்டார்கள், பேச்சு அடங்கிப்போனது. ஆள் கிடைக்காததற்குக் காரணம் சம்பளம். குறைந்தபட்சச் சம்பளம் 2025இலிருந்து 1,700 ரிங்கிட். இரவு பதினொன்றுக்கு அடுப்படியைக் கழுவிவிட்டு வீடு திரும்ப அதையொட்டிய தொகைக்கு யார் வருவார்?

வெளிநாட்டவரின் பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. பக்கத்து ஹோட்டலில் நூறு ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்தாலும் அவர் நினைத்தபடி தாவ முடியாது. பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் முதலாளிகள் இருக்கிறார்கள். 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி அது குற்றம். இப்படிக் கட்டிப்போட்ட ஆள் இருக்கும்வரை, உள்ளூர்ப் பையனுக்குச் சம்பளத்தை உயர்த்த முதலாளிக்கு என்ன அவசரம்? உங்கள் கோபத்தை அங்கே காட்டுங்கள், கரண்டி பிடிப்பவரிடம் வேண்டாம்.

இன்னொன்று. சமைக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் பலர் ஜொகூர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் ஹோட்டல்களில் அடுப்படியில் நிற்கிறார்கள். நீங்கள் கேட்ட இதே கேள்வியை அங்கே ஒருவர் அவர்களைப் பார்த்துக் கேட்டால், என்ன பதில் சொல்லச் சொல்கிறீர்கள்? எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.