ராசியும் உயரமும் போதாது

கேள்வி: என் கதையின் நாயகன் ஐம்பது வயது மளிகைக்கடைக்காரர். அவருடைய உயரம், நிறம், ராசி, பிடித்த பாட்டு எல்லாவற்றையும் ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்துக்கொண்டுதான் கதையை ஆரம்பித்தேன். அப்படியும் ‘பாத்திரத்தில் உயிர் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டீர்களே, ஏன்? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அந்த நோட்டை மூடி வையுங்கள். ராசி தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது? கையில் காசு குறைவாக இருக்கும்போது அந்த மனிதர் எதை விட்டுக்கொடுப்பார், எதை விடமாட்டார், அதைச் சொல்லுங்கள்.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எப்படித் தொடங்குகிறது பாருங்கள். பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முனையில் நின்று பிள்ளை கணக்குப் போடுகிறார்: டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை போட்டுக்கொள்ளலாம், பஸ்ஸில் ஏறி, கண்டக்டரை ஏமாற்றிக்கொண்டே சென்ட்ரலைத் தாண்டிவிட்டு அப்புறம் டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி உண்டு, ஆனால் வெற்றிலை கிடையாது. அவருடைய வருமானம், நாக்குச் சபலம், சின்னத் திருட்டுத்தனம் எல்லாம் அந்தச் சில்லறைக் கணக்கிலேயே வந்துவிடுகிறது. அதனால்தான் பின்னால் அவர் கடவுளிடமே தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கும்போது, ஆமாம், இந்த ஆள் கேட்பார்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஜெயகாந்தன் இன்னும் ஒரு படி போனார். 1966-ல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேச’த்தில், கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள், அக்கம்பக்கத்துக்கு விஷயம் தெரியாமலும் பார்த்துக்கொள்கிறாள். பெரிய சர்ச்சை எழுந்தது. அதே தாய் ஊரறியக் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் யோசித்ததில் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல் பிறந்தது. தாயின் ஒரே ஒரு செயலை மாற்றியதும் மகள் கங்கா என்ற வேறு ஒரு பெண்ணாக வளர்ந்துவிட்டாள், அவளுடைய கோபம், தனிமை, பேச்சு எல்லாமே அந்த ஒரு ராத்திரியிலிருந்து கிளைத்தவை.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். கடன் பாக்கி வைத்திருந்த ஒருவர் இறந்துபோக, உங்கள் கடைக்காரர் அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகிறார். கதையிலேயே நல்ல இடம் அதுதான், நீங்களோ அவர் சட்டையின் நிறத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். பற்று நோட்டைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போனாரா, இல்லை மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போனாரா? அதை முடிவு செய்துவிட்டு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் திரும்ப எழுதி அனுப்புங்கள். கட்டாயம் படிக்கிறேன்.